ராம்ப், சோக், ஹோல்டுபேக்: உலைக்காரர்களின் கேள்விகள்

பிராசஸ் கன்ட்ரோலர் என்றால் ஒரு டிகிரியைச் செட் செய்துவிட்டு அதிலேயே நிறுத்தி வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மணிக்கு மணி செட்பாயின்ட்டைக் குறித்த வேகத்தில் ஏற்றி அல்லது இறக்கி (இது ராம்ப்), ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் (இது சோக்) ப்ரோக்ராம் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் ஆறு இங்கே. நான் 1986ல் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சேர்ந்தவன். 34 வருடம் பர்னஸ் பானல்களுக்கு முன்னால்தான் போனது. அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். செட் செய்த அளவை எஸ்.வி. என்றும், உலையில் உண்மையில் இருக்கும் அளவை பி.வி. என்றும் சொல்வது பட்டறை வழக்கம். இங்கேயும் அப்படியே.

வெல்டிங் முடிந்த பாகங்களை ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் இறுக்கத்தைத் தளர்த்துவது) செய்யும் பர்னஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 50 மில்லிமீட்டர் தடிமன் கார்பன் ஸ்டீல். ராம்ப், சோக் எல்லாம் எந்தக் கணக்கில் போடுவது? சீனியர் எழுதிக் கொடுத்த எண்களை அப்படியே அழுத்துகிறேன், ஏன் என்று தெரியவில்லை. (ஓசூர் வாசகர்)

ஏன் என்று கேட்கத் தோன்றியதே நல்லது தம்பி. அந்த எண்கள் கோடில், அதாவது தயாரிப்பு விதிப் புத்தகத்தில் இருந்து வருகின்றன. பிரஷர் வெசல் வேலைக்கு ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) கோடின் எட்டாம் பிரிவு சொல்வது இது: ஜாபை உள்ளே வைக்கும்போது உலை 425 டிகிரியைத் தாண்டி இருக்கக் கூடாது. 425க்கு மேல் ஏற்றும் வேகம், 222 டிகிரியைத் தடிமன் எத்தனை அங்குலமோ அதால் வகுத்தால் வருவது. உங்கள் ஜாப் ஏறக்குறைய 2 அங்குலம், ஆகவே மணிக்கு 111 டிகிரி. இறக்கும்போது 222க்குப் பதில் 280, அதாவது மணிக்கு 140. சாதாரண கார்பன் ஸ்டீலுக்குக் குறைந்தது 595 டிகிரியில், அங்குலத்துக்கு ஒரு மணி வீதம் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். இறங்கி 425க்குக் கீழே வந்த பிறகு வெளியே எடுத்து அசையாத காற்றில் ஆறவிடலாம்.

நான் போட்டிருந்தால் இப்படிப் போடுவேன். அறை வெப்பத்தில் இருந்து 425 வரை மணிக்கு 150. அங்கிருந்து 615 வரை மணிக்கு 100, அதற்கு 1 மணி 54 நிமிடம். 615ல் 2 மணி சோக். பிறகு 400 வரை மணிக்கு 130. அனுமதித்த வேகத்தை ஒட்டியே போடாமல் 10 டிகிரி குறைத்துப் போடுகிறேன். உலையின் ஒரு மூலை வேகமாக ஏறினாலும் சார்ட் (வெப்பத்தைப் பேனா பதியும் தாள்) வரம்புக்குள் நிற்கும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எஸ்.வி. ஏறுகிறது என்றால் இரும்பு ஏறுகிறது என்று அர்த்தமில்லை. ராம்ப் ஓடும்போது பி.வி. எப்போதும் பின்தங்கித்தான் வரும். உங்கள் உலை 15 நிமிடம் பின்தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 டிகிரி வேகத்தில் அது 25 டிகிரி. எஸ்.வி. 615ஐத் தொட்டதும் கன்ட்ரோலர் சோக் கடிகாரத்தை ஓடவிடுகிறது. அந்த நிமிடத்தில் பி.வி. 590. கோடு கேட்கும் 595க்குக் கீழே! நீங்கள் 2 மணி என்று எழுதி வைப்பது உண்மையில் 2 மணி இல்லை. அதிலும் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் உலைச் சுவரில் மட்டும் இருந்தால் அது காட்டுவது காற்றின் கதை. 50 மில்லிமீட்டர் தகட்டின் நடுப்பகுதி இன்னும் கீழே இருக்கும். அதனால்தான் ஜாப் மேலேயே தெர்மோகப்பிள் வயரைப் பொட்டு வெல்டு வைத்து ஒட்டுகிறோம்.

இதற்காகவே இருக்கிறது ஹோல்டுபேக். சில கம்பெனிகளின் புத்தகத்தில் கேரண்டீட் சோக் என்றும் வெயிட் என்றும் இருக்கும். பி.வி. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பின்தங்கினால் ப்ரோக்ராம் கடிகாரம் நிற்கும், பி.வி. வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும். சோக்கில் 10 டிகிரி போடுங்கள். அப்போது பி.வி. 605ஐத் தொட்ட பிறகே 2 மணி எண்ணப்படும். ராம்ப்பில் அதே 10ஐப் போட்டால், 25 டிகிரி பின்தங்கும் உலையில் எஸ்.வி. நின்று நின்று நகரும். ஜாபுக்குக் கெடுதல் இல்லை, நேரம்தான் நீளும். ஆகவே ராம்ப்புக்குத் தனி அளவு கொடுக்க முடிந்தால் 40 கொடுங்கள், முடியாவிட்டால் ராம்ப்பில் அணைத்துவிடுங்கள். திசையையும் பாருங்கள். ஏறும்போதும் நிறுத்தும்போதும் பி.வி. கீழே போனால் மட்டும் காத்திருக்கச் சொல்லும் லோ வகை போதும்.

இறங்கும்போது உலை எஸ்.வி.யைவிட மெதுவாக ஆறினால் கோடுக்கு அதில் குறை இல்லை. ஆனால் அங்கே ஹோல்டுபேக் இல்லாவிட்டால் ஒரு ஆபத்து உண்டு: எஸ்.வி. 400ஐத் தொட்டு 'எண்ட்' என்று பஸ்ஸர் அடிக்கும்போது உள்ளே 500 இருக்கலாம். ஷிஃப்ட் மாறி வந்தவர் பஸ்ஸரை நம்பிக் கதவைத் திறந்துவிடுவார். ஆகவே ப்ரோக்ராமின் கடைசிப் படிக்கு, அதாவது கடைசி செக்மென்ட்டுக்கு, பி.வி. மேலே நின்றால் காத்திருக்கும் ஹை வகை ஹோல்டுபேக் போடுங்கள்.

இன்னொன்று. ஹோல்டுபேக் போட்ட உலையில் ஒரு ஹீட்டர் சுருள் அறுந்தால் ப்ரோக்ராம் விடிய விடியக் காத்துக்கொண்டே நிற்கும். அரை மணிக்கு மேல் ஹோல்டுபேக் நீண்டால் அலாரம் அடிக்க வேண்டும். இந்த அலாரம் இல்லாத பானலை நான் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை.

ப்ரோக்ராம் முடிந்து உலை 300 டிகிரியில் இருக்கிறது. அடுத்த லோடை உடனே வைத்து ரன் கொடுத்தால் எஸ்.வி. 30ல் இருந்து தொடங்குகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் வீணாகிறது. (அம்பத்தூர் வாசகர்)

கன்ட்ரோலரில் சர்வோ என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் பி.வி.க்கு மாற்றுங்கள். ரன் அழுத்தும் நேரத்தில் உலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எஸ்.வி. கிளம்பும். ஒரு எச்சரிக்கை: முதல் செக்மென்ட்டை 'இத்தனை மணி நேரத்தில் 425' என்று எழுதியிருந்தால், 300ல் கிளம்பும்போது வேகம் வேறாகிவிடும். 'மணிக்கு இத்தனை டிகிரி' என்று எழுதியிருந்தால் வேகம் மாறாது, நேரம் குறையும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

நடுவில் கரண்ட் போனால் ப்ரோக்ராம் என்ன ஆகும்? எங்கள் பானலில் கன்டின்யூ, ராம்ப் பேக், ரீசெட் என்று மூன்று இருக்கிறது. எதை வைப்பது? (ராணிப்பேட்டை வாசகர்)

கன்டின்யூ என்றால் கரண்ட் போன இடத்தில் இருந்த எஸ்.வி.யை அப்படியே பிடித்துக்கொண்டு தொடரும். ராம்ப் பேக் என்றால் பி.வி. எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கிருந்து பழைய ராம்ப் வேகத்தில் ஏறி, விட்ட இடத்துக்கு வந்து, மீதி சோக்கை முடிக்கும். ரீசெட் என்றால் ப்ரோக்ராம் நின்றுவிடும், ஆள் வந்து பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் எது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்து எட்டாவது வருடம். நான் இருந்த பட்டறையில் 620 டிகிரி சோக், இரவு ஷிஃப்ட். 2 மணி நேரம் கரண்ட் இல்லை. உலை 480க்கு இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் 620 எஸ்.வி.யோடு விழித்துக்கொண்டது, கன்டின்யூவில் வைத்திருந்தோம். ஹீட்டர் முழு வேகத்தில் ஏறி 35 நிமிடத்தில் 140 டிகிரி எடுத்துவிட்டது. மணிக்கு 240. அந்த ஜாபுக்கு அனுமதி 111. காலையில் சார்ட்டைப் பிரித்தால் பேனா கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். முழு சைக்கிளையும் மறுபடி ஓட்டினோம். ஒரு மெனுவில் ஒரு வரியை நான் படிக்காமல் விட்டதற்கு அது விலை.

ஸ்ட்ரெஸ் ரிலீவ், அனீலிங் போன்ற வேலைக்கு ராம்ப் பேக் வையுங்கள். கரண்ட் போனதையும் வந்ததையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள், சார்ட்டிலும் குறியுங்கள். வேறு ஏதாவது ரசாயனம் வேகவைக்கிறீர்கள் என்றால், நடுவில் ஆறிய சரக்கு பழைய சரக்கே இல்லை. அங்கே ரீசெட், ஆள் முடிவெடுக்கட்டும்.

சொந்தமாக மின்சூளை வைத்து மண்பாண்டம் செய்கிறேன். முதல் சுடுதலில் பாத்திரங்கள் வெடிக்கின்றன. 6 மணி நேரத்தில் 600 டிகிரி என்று மெதுவாகத்தான் போட்டேன். பி.வி.யும் எஸ்.வி.யும் ஒட்டியே போகின்றன. (புதுச்சேரி வாசகி)

புதுச்சேரியில் 1971ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதில் இருந்து உங்கள் ஊரில் சூளை அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் மண்ணைப் பற்றிச் சொல்வார்கள், நான் கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

6 மணி நேரத்தில் 600 என்றால் மணிக்கு 100. அறை வெப்பத்தில் இருந்து 100 டிகிரியைக் கடக்க உங்கள் சூளைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கையில் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் பாத்திரத்தின் அடிப்பகுதியிலும் கைப்பிடி ஒட்டிலும் நீர் இருக்கும். அது 100ஐத் தாண்டும்போது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. மொத்த நேரத்தை நீட்டிப் பயனில்லை அம்மா. நேரத்தை எந்த இடத்தில் செலவழிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

மணிக்கு 60ல் 90 டிகிரி வரை போங்கள். அங்கே 4 மணி நேரம் சோக், பார்க்கும் துளையைத் திறந்தே வையுங்கள். துளைக்கு முன்னால் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். அது வேர்த்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. வேர்ப்பது நின்ற பிறகே ப்ரோக்ராமை நகரவிடுங்கள். அதற்காக சோக்கை நீளமாகவே போட்டுவிட்டு, கண்ணாடி தெளிந்ததும் அடுத்த செக்மென்ட்டுக்குத் தாவும் பட்டனை அழுத்துவது நல்லது. பிறகு 200 வரை மணிக்கு 60, 550 வரை 100. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிச் சட்டென்று விரிகிறது, இறங்கும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. ஆகவே 550க்கும் 620க்கும் நடுவே ஏறும்போதும் இறங்கும்போதும் 60. மேலே 120 போதும்.

இதில் ஒரு சிக்கல் வரும். 1000 டிகிரிக்கு ட்யூன் செய்த பி.ஐ.டி. எண்கள் (ஹீட்டருக்கு எவ்வளவு சக்தி கொடுப்பது என்று கன்ட்ரோலர் கணக்கிடும் எண்கள்) 90 டிகிரியில் சரிப்படாது. கீழே ஹீட்டர் சுருள் ஒரு தரம் சிவந்தால் போதும், அணைத்த பிறகும் சூளை 130க்கு ஓடிவிடும். நீங்கள் 90ல் நிறுத்தியதாக நினைக்கும்போது பாத்திரம் 100ஐக் கடந்திருக்கும். கன்ட்ரோலரில் அவுட்புட் லிமிட் (ஹீட்டருக்குப் போகும் சக்திக்கு மேல்வரம்பு) இருந்தால் முதல் இரண்டு செக்மென்ட்டுக்கு 25 சதவீதம் என்று கட்டுங்கள். இல்லையென்றால் கெயின் ஷெட்யூல் என்று பாருங்கள், கீழுக்கு ஒரு பி.ஐ.டி. தொகுதியும் மேலுக்கு இன்னொன்றும் வைக்கலாம். இரண்டும் இல்லாத எளிய கன்ட்ரோலர் என்றால் சோக்கை 90க்குப் பதில் 75ல் வையுங்கள்.

உங்கள் சூளையில் கோன் (சூடு போதுமான அளவு ஏறியதும் வளைந்து சாயும் சிறு மண் கூம்பு) வைப்பதையும் நிறுத்தாதீர்கள். மண் வேகுவது உச்ச டிகிரியால் மட்டும் இல்லை, அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதாலும். மெதுவாக ஏற்றினால் அதே கோன் குறைந்த டிகிரியிலேயே சாயும். தெர்மோகப்பிளுக்கு இந்த விஷயம் தெரியாது.

பழைய கேபிளை மாற்றிப் புதிய காப்பர் வயர் இழுத்த நாளில் இருந்து பேட்ச்கள் அதிகமாக வெந்துபோகின்றன. ப்ரோக்ராமில் ஒரு எண்ணையும் தொடவில்லை. (ஈரோடு வாசகர்)

வயர்தான். கே டைப் தெர்மோகப்பிளுக்கு உலைத் தலைப்பில் (தெர்மோகப்பிளின் வெளிமுனையில் வயரை இணைக்கும் இடம்) இருந்து பானல் வரை அதற்கான காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும். சாதாரண காப்பர் போட்டால், தலைப்புக்கும் பானலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் அப்படியே குறைந்து தெரியும். தலைப்பு 60, பானல் 35 என்றால் 25 டிகிரி குறைவாகக் காட்டும், கன்ட்ரோலர் அந்த 25ஐக் கூடுதலாக ஏற்றும். சரியான கேபிள் வாங்கியும் இரண்டு முனையிலும் தலைகீழாக மாட்டிவிட்டால் பிழை இரண்டு மடங்கு, 50. ஒரு முனையில் மட்டும் மாற்றினால் ஏற ஏற இறங்கிக் காட்டும், அதை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் மாறியதுதான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பரிசோதனை அறைக்கு, மைனஸ் 40ல் இருந்து 85 டிகிரி வரை போகும் ப்ரொஃபைல் எழுதினேன். கம்ப்யூட்டரில் இருந்து மாட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) வழியாக நொடிக்கு ஒரு தரம் புதிய செட்பாயின்ட்டை கன்ட்ரோலருக்கு அனுப்புகிறேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. இப்போது மெமரி எரர் காட்டுகிறது. கன்ட்ரோலர் பழுதா? (கோவை வாசகர்)

அந்தக் கன்ட்ரோலரை உங்கள் ப்ரோக்ராம் தேய்த்துவிட்டது தம்பி. தெரியாமல் செய்ததுதான், பலரும் செய்வது.

பல கன்ட்ரோலர்களில் செட்பாயின்ட்டை எழுதும் முகவரி, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தைத் தொடும். முன்பக்கப் பட்டனால் ஆள் மாற்றுவதற்காக அமைத்தது. அந்த நினைவகத்தின் ஒவ்வொரு அறையையும் எத்தனை தரம் அழித்து எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. புத்தகங்களில் வழக்கமாகக் காணும் எண் 1 லட்சம். நொடிக்கு ஒன்று என்றால் 1 லட்சம் நொடி எவ்வளவு? 27 மணி 46 நிமிடம். உங்கள் கருவி ஒரு வாரம் தாங்கியதே பெரிது.

வழி இருக்கிறது. புத்தகத்தில் ரிமோட் செட்பாயின்ட் என்றோ வேறு பெயரிலோ, ராமில் (கரண்ட் போனால் அழியும் தற்காலிக நினைவகம்) மட்டும் எழுதும் ஒரு முகவரி இருக்கும். அதற்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதலாம். அதைவிட நான் விரும்புவது: ப்ரொஃபைலை கம்ப்யூட்டரில் ஓட்டவே வேண்டாம். கன்ட்ரோலருக்குள் ப்ரோக்ராமர் இருந்தால் ஒவ்வொரு செக்மென்ட்டின் இலக்கு, வேகம், சோக் நேரம் எல்லாவற்றையும் ஒரே ஒரு தரம் எழுதி, ரன் கட்டளை கொடுத்துவிட்டுப் படிப்பதை மட்டும் செய்யுங்கள். படிப்பதற்கு வரம்பு இல்லை.

ஏன் அப்படி என்றால், உங்கள் கம்ப்யூட்டர் நடு இரவில் அப்டேட் போட்டு அணைந்தால் என்ன ஆகும்? எஸ்.வி. கடைசியாக எழுதிய எண்ணில் உறைந்து நிற்கும். ராம்ப்பின் நடுவில் 62.3ல் நின்றால் அறை காலை வரை 62.3. கன்ட்ரோலருக்குள் ஓடும் ப்ரோக்ராமுக்கு உங்கள் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்ற கவலையே இல்லை. கம்ப்யூட்டரில்தான் ஓட்ட வேண்டும் என்றால், 30 நொடி தகவல் வராவிட்டால் பாதுகாப்பான ஒரு அளவுக்குத் திரும்பும் டைம்அவுட்டைக் கன்ட்ரோலரில் அமையுங்கள்.

மைனஸ் டிகிரியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஒரு தசமம் உள்ள கன்ட்ரோலருக்கு 85.0 என்பதை 850 என்று அனுப்ப வேண்டும். மைனஸ் 40.0 என்பது மைனஸ் 400. 16 பிட் பதிவேட்டில் அது 65136 என்று போகும், 65536ல் இருந்து 400ஐக் கழித்தது. உங்கள் ப்ரோக்ராம் திரும்பிப் படிக்கும்போது அதைக் குறி இல்லாத எண்ணாக எடுத்துக்கொண்டால் அறை 6513.6 டிகிரி என்று காட்டும். முகவரியும் ஒன்று தள்ளிப்போகும். சில புத்தகம் ஒன்றில் இருந்து எண்ணும், சில பூஜ்யத்தில் இருந்து. எழுதுவதற்கு முன்னால் பி.வி.யைப் படித்து, முன்பக்க டிஸ்ப்ளேயோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு எழுதுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்த ப்ரோக்ராம் ஒரு அலுமினியத் தகடு. 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் வட்டத் தகடு, ஒரு மணிக்கு 15 பாகை. மையத்தில் இருந்து விளிம்பின் தூரம்தான் டிகிரி. அதன் விளிம்பில் ஓடும் ஒரு சிறு உருளை எஸ்.வி.யின் கையை நகர்த்தும். காகிதத்தில் கோடு போட்டு, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, அரத்தால் தேய்த்து வைத்திருப்போம். ஏற்றம் செங்குத்தாக வெட்டினால் உருளை முட்டிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அதனால் யாரும் கண்மண் தெரியாத வேகத்தை வெட்டவே முடியாது. இன்றைய கன்ட்ரோலர் மணிக்கு 9999 டிகிரி என்று அழுத்தினாலும் வாங்கிக்கொள்ளும். அதனால் செட்பாயின்ட் வேகத்துக்கு மேல்வரம்பு வைக்கும் வரி உங்கள் மெனுவில் இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். அறைக்குத் தனி தெர்மோகப்பிளோடு தனி ஓவர் டெம்பரேச்சர் கருவி ஒன்று வைத்து, அது ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டரை நேராக அறுக்கும்படி இணைத்துவிடுங்கள். ராம் முகவரி புத்தகத்தில் கிடைக்கவில்லை என்றால் கன்ட்ரோலரின் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள், தேடித் தருகிறேன்.